பாலத்தடி வீட்டுச் சத்தம்

மார்ச் 4

காலையில் உதவிப் பொறியாளர் அறைக்குள் தலையை நீட்டினார். "மேடம், தடதடப் பெரியவர் மறுபடி போன் பண்ணினார். அந்த மேம்பாலத்து ஜாயின்ட் இன்னும்…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி மேடம். உங்கப்பா."

நான் இந்தத் துறையில் சேர்வதற்கு முன்பே அப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. முப்பது வருஷமாக ஒரே புகாரை ஒரே குரலில் சொல்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெற்ற மகள் பாலம் பராமரிக்கிற இன்ஜினியர். அப்படியும் ஆபீஸ் நம்பருக்குத்தான் அடிப்பார். கேட்டால், "உன்கிட்ட சொன்னா அது வீட்டுப் பேச்சு. ஆபீஸ்ல சொன்னாத்தான் புகார்" என்பார்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தின் விலா. வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக விட்ட இடைவெளியை மூடுகிற இரும்புத் தகடு, அதாவது அந்த ஜாயின்ட், சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேரே அமைந்துவிட்டது. நான் பிறந்தபோதே அதன் போல்ட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும். கார் போனால் தடக். லாரி போனால் அலமாரிக் கண்ணாடிவரை நடுங்கும்.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு பேச்சு முறை உண்டு. லாரி வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அம்மா என்னைத் திட்டும்போதும் அப்படித்தான். "உனக்கு எத்தனை தடவை—" லாரி. அது கடப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். சில நாள் எதற்குத் திட்ட ஆரம்பித்தாள் என்பதே மறந்து சிரித்துவிடுவாள். விருந்தாளிகள் எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்து விழிப்பார்கள். கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோதும் அம்மா நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். மூச்சு வாங்கியதாலா, லாரியாலா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி முடித்ததும் ஹாஸ்டலுக்குப் போனேன். பிறகு வேலை, கல்யாணம். அந்த வீட்டில் நானும் விருந்தாளியாகிவிட்டேன். ஆனால் இப்போதும் ஆபீஸ் கூட்டங்களில் வெளியே லாரி போனால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஆழமாக யோசிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று சொன்னார்: "இந்தச் சத்தம் நிக்கப்போறதில்லைம்மா. எனக்கும் வயசாகுது. நானே உன்கிட்ட வந்துடறேன்."

எத்தனை வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன்! பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன். அவர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 10

மகளின் அறையை ஒழித்தேன். என் கணவர் இறந்தபின் மகள் துணைக்கு இருந்தாள். அவளும் வேலைக்கு வெளியூர் போய்விட்ட பிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது போனில்தான். கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன். அப்பா மே மாதம் வருகிறேன் என்றிருக்கிறார்.

மார்ச் 17

தூக்கு வண்டியில் ஏறி மேம்பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தகட்டின் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி இறங்கித் தூணின் தலை ஊறிக் கிடக்கிறது. பாலத்தைத் தாங்கும் பேரிங் துருவேறி உப்பியிருக்கிறது. சுத்தியால் தட்டினால் கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கம்பி தெரிகிறது.

"எப்படிம்மா இருக்கு?" என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார்.

"சொத்தைப் பல் மாதிரி இருக்கு. மேலே பார்த்தா ஒண்ணும் தெரியல, உள்ள வேர் வரைக்கும் போயிருக்கு."

வண்டி இறங்கும்போது எங்கள் ஜன்னலில் அப்பா. டீ டம்ளரைத் தூக்கிக் காட்டி வேணுமா என்று சைகை செய்தார். வேலை நேரம் என்று தலையாட்டினேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். நாளைக்கு ஆபீஸ் முழுக்கப் பரவும்.

ஜாயின்ட் மாற்றத் தெரிந்த குழு ஒன்றுதான் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு பாலம்தான் முடியும். ஆற்றுப் பாலமா, இந்த மேம்பாலமா என்று நான்தான் முடிவு செய்து மேலே அனுப்ப வேண்டும்.

மார்ச் 18

சத்தம் நின்றால் அப்பா வரமாட்டார்.

மார்ச் 19

இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தான். அப்ப உண்மையையே எழுதிடு. ஆத்துப் பாலத்தை முதல்ல போட்டா யார் கேட்கப்போறா? அதுவும் பழசுதானே. ஒரு மழைக்காலம் அப்பா என்கூட இருந்துட்டார்னா அப்புறம் திரும்பிப் போக மாட்டார். ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போட்டா பாலம் விழுந்துடுமா?

விழாது.

ஆனா அந்தக் கம்பி இன்னொரு மழையைக் குடிக்கும். தூணுக்குக் கீழே காய்கறிக்காரி உட்கார்ந்திருக்கா. பள்ளிக்கூட வேன் நிக்குது. ஒரு துண்டு கான்கிரீட் விழுந்தா போதும். எனக்குத் துணை வேணும்கிறதுக்காக— சீ.

மார்ச் 20

மேம்பாலம் முதலில். எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 12

பாதிச் சாலையை மூடி, பழைய தகட்டை வெட்டி எடுத்தார்கள். கிரேனில் தொங்கியபோது இவ்வளவு சின்னதா என்றிருந்தது. போல்ட் ஓட்டைகள் ஆடி ஆடித் தேய்ந்து அகன்றிருந்தன. கீழே வைத்ததும் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. அம்மா பேச்சை நிறுத்திக் காத்திருந்ததெல்லாம் இதற்காகத்தான். அழுகை வந்துவிட்டது. பழைய இரும்புக்காக யாராவது அழுவார்களா?

வெல்டிங் புகை என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

"இன்னும் வெல்டிங்கே ஆரம்பிக்கலையேம்மா" என்றார்.

ஏப்ரல் 20

ஜாக்கி வைத்துப் பாலத்தை ஒரு விரற்கடை தூக்கிப் புதுப் பேரிங்குகளை நுழைத்தோம். இறக்கிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

மே 3

பாலத்தை முழுவதும் திறந்துவிட்டோம். நேரே அப்பாவிடம் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் ஒரு லாரி தெரிந்தது. இருவரும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினோம். புது ரப்பர் ஜாயின்ட் மேல் அது உஷ்ஷென்று போய்விட்டது. நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தோம். அப்பாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ… என்கூட வரலையாப்பா?"

"இனிமே எதுக்கு? அதான் நின்னுடுச்சே." முகமெல்லாம் மலர்ச்சி.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் அறைக் கதவைச் சாத்தினேன்.

மே 4

போன் செய்தார். எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

கோபித்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? போனேன். மாடிப்படியில் துணி தேய்க்கிற அக்காவைப் பார்த்தேன்.

"இனிமேலாவது அப்பா நல்லாத் தூங்குவார்க்கா" என்றேன்.

"உங்கப்பாவா? அவர் எப்ப தூங்காம இருந்தார்? மத்தியானம் துணி கொண்டுவந்தா பாலமே அதிரும், உள்ள குறட்டை கேட்கும். கதவை இடிச்சு இடிச்சு என் கைதான் வீங்கிப்போச்சு."

மேலே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "நீங்க நல்லாத்தான் தூங்கியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு முப்பது வருஷமா எங்க ஆபீஸைப் போட்டு உலுக்கினீங்க?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கென்ன சத்தம், பழகிப்போச்சு. நீதானே 'இந்தச் சத்தத்துல மனுஷங்க படிக்க முடியுமா'ன்னு பெட்டியைத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினே."

"அப்பா, அப்ப எனக்குப் பதினேழு வயசு."

"ஆமா. மறுநாள் காலையில முதல் போன் பண்ணினேன். சத்தம் நின்னுடுச்சுன்னா நீ வந்துடுவேன்னு நினைச்சேன். அப்புறம் உனக்கு வேலை, கல்யாணம், குழந்தைன்னு ஆச்சு. இனி நீ வரமாட்டேன்னு தெரியும். ஆனா புகாரை நிறுத்த மனசு வரல. கடைசியில நானே வந்துடலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள நீயே நிறுத்திட்டே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் அறை அப்படியேதான் இருக்கு."

செருப்பைக் கழற்றினேன்.

ஜூன் 9

ராத்திரி முழுக்க நல்ல மழை. விடிந்ததும் பல் தேய்த்துக்கொண்டே அப்பா வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தூணின் தலை காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு இறங்கவில்லை. என் பெட்டிகளில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. இங்கிருந்து ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். குடையை மறக்காதே என்று அப்பா அதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.