ஏற்கெனவே சொல்லிவைத்த மேசை

லியோன்,
ஜூன் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் ஒரேலிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைக் கேட்டால் நான் சுகம்தான், முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முனகுகிறது. நீயும் எர்வானும் அந்தக் கடலுக்கு அந்தப்பக்கம் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நூமியாவில் இப்போது குளிர்காலம் என்பதை மறந்துவிட்டு வெறுங்காலோடு திரியாதே. உன் தம்பி லுதோவிக்கின் சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறாள், போன வாரம் என் மூக்குக் கண்ணாடியின் காலைக் கடித்துவிட்டாள். மேல் வீட்டு ஷவான் ஐயா ஜன்னலில் தக்காளிச் செடி வைத்திருக்கிறார், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று என் துணிமணிக்கும் சேர்த்து ஊற்றுகிறார். நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை, உனக்குக் கவலையாக இருந்திருக்கும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன் என்று பயந்தேன், காகிதத்தில் அந்த அளவுக்குக் கத்த முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரியில் நீ என்னிடம் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா. ஆகஸ்ட் பதினான்காம் தேதி நிச்சயதார்த்தத்துக்கு எர்வானின் அப்பா அம்மா பிரெஸ்த்திலிருந்து வருகிறார்கள், இரண்டு குடும்பமும் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்காரப்போகிறது, நாம் பன்னிரண்டு பேர், எங்கே சாப்பிடுவது என்பதை நீயே தேர்ந்தெடு அம்மா, உன் நாக்கை நம்பித்தான் விடுகிறேன் என்றாய். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியே சாப்பிட நல்ல இடம் எது என்று இந்த ஊரில் எவரைக் கேட்டாலும் ஒரு சண்டையே நடக்கும், அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்கிற வேலையை என் மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள் என்று மார்க்கெட்டில் முட்டைக்காரியிடம்கூடச் சொன்னேன். ஆகஸ்டில் பாதி ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும், அதனால் இப்போதே பார்க்கவேண்டும் என்று உன் சித்தி ழோசியானையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு கடையிலும் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டோம். தெரோ சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சின்னக் கடையில் கெனல் மீன் கொழுக்கட்டை பஞ்சு மாதிரி இருந்தது, அதற்கு மேல் ஊற்றிய இறால் குழம்பைத் தொட்டுத் துடைக்க ரொட்டி போதவில்லை. உன் சித்தி, "சத்தம் காதைக் கிழிக்குதுக்கா, சம்பந்தி பேசுறது ஒண்ணும் கேக்காது" என்றாள். சரி என்று ப்ரோத்தோ பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய இடத்துக்குப் போனோம், அங்கே பரிமாறுகிறவர்கள் எல்லாம் அமைச்சர்கள் மாதிரி நடந்தார்கள், எனக்குப் பிடித்திருந்தது, உன் சித்தியோ, "அவங்க பிரெஸ்த் பக்கத்து பிரெத்தோன்காரங்கக்கா, எளிமையான ஜனங்க, நாம பகட்டு காட்டுறோம்னு நினைப்பாங்க" என்றாள். கியோத்தியேரில் வியட்நாம்காரம்மா நடத்தும் கடை நன்றாக இருக்கும் என்று நான் சொன்னதற்கு, "நிச்சயதார்த்தத்துக்கு நூடுல்ஸா போடுவே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு இடத்தில் நாற்காலி சின்னது, ஒரு இடத்தில் கழிப்பறை மாடியில், ஒரு இடத்தில் பாதாம் பிரலின் தார்த் இனிப்பு போதுமான அளவுக்குச் சிவப்பாக இல்லையாம். எனக்கு மனதுக்குள் முதலிலிருந்தே பெராஷோன் அம்மாள் கடைதான், நம் மேட்டிலேயே இருக்கிறது, மாடியில் தனி அறை இருக்கிறது. ஆனால் உன் சித்தி தானே போன் செய்து கேட்டதாகவும் ஆகஸ்ட் முழுக்க மூடிவிடுகிறார்கள் என்றும் அடித்துச் சொன்னாள். நானும் நம்பினேன். என் தங்கை ஒரு சாப்பாட்டுக்கடை விஷயத்தில் என்னிடம் பொய் சொல்வாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்.

போன செவ்வாய்க்கிழமை அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். தனியாக வீட்டில் முட்டை பொரித்துத் தின்பதற்குப் பெராஷோன் கடையில் ஈரல் கேக் சாப்பிடலாமே என்று போனேன். விருந்துக்காகப் போகவில்லை, பசிக்காகப் போனேன். அம்மாளே தட்டைக் கொண்டுவந்து வைத்தார், பேச்சுவாக்கில், ஆகஸ்டில் நீங்கள் மூடாமல் இருந்தால் என் மகள் விருந்தை இங்கேயே வைத்திருப்பேன் என்றேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் மூடுறேன்னு யாரு சொன்னது? பதினஞ்சாந்தேதி வரைக்கும் என் அடுப்பு எரியும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா உங்களுக்கு எதுக்கு ஒதில் இந்தக் கவலை, உங்க வீட்டு விருந்துதான் ரேஜி கடையில ஈஸ்டருக்கே முடிவாயிடுச்சே. பதினாலாந்தேதிக்கு நாற்காலி பத்தாதுன்னு எங்கிட்டதானே கேட்டிருக்காரு, நல்ல முதுகு வச்ச நாற்காலியாப் பாத்து எடுத்து வச்சிருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடிவிட்டார். ஆனாலும் தட்டைக் காலி செய்தேன், அந்தக் கடையில் மிச்சம் வைத்துவிட்டு வெளியே வர முடியாது என்பது உனக்கும் தெரியும்.

உன் அப்பா ரேஜி என்னை விட்டுவிட்டு அந்த நாதாலியோடு போய்க் கடை திறந்தபோது, அங்கே போகாதீர்கள் என்று உங்களில் ஒருவரையாவது நான் தடுத்தேனா. நீங்களாகத்தான் சொன்னீர்கள். என் சமையலறையில் உட்கார்ந்து உன் சித்தி, "அந்தாளு கடையில ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் என் பேரு ழோசியான் இல்லக்கா" என்றாள், லுதோவிக் தலையாட்டினான், நீ என் தோளில் கைபோட்டுக்கொண்டு நானும்தான் அம்மா என்றாய். நான் கேட்காமலே நீங்கள் கொடுத்த வாக்கு அது, இத்தனை வருஷமும் அதில் சாய்ந்துகொண்டுதான் நின்றேன்.

பெராஷோன் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் படியிறங்கினேன், சோன் ஆற்றைத் தாண்டி சேன்-ழான் தெருவுக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக உன் அப்பா கடைக்குப் போனேன். மதிய நேரம், உள்ளே கூட்டம், வெங்காயமும் ஒயினும் கலந்த அந்த நல்ல வாசனை, அதைக்கூட நான் மறுக்கமாட்டேன். உன் அப்பா கண்ணில் படவில்லை, அடுப்படியில் இருந்திருப்பார். பரிமாறுகிற பெண் ஒருத்தி வந்து, "முன்பதிவு இருக்குங்களா மதாம்?" என்றாள், இல்லை என்றேன், "எத்தனை பேரு?" என்றாள், ஒருத்தி என்றேன், "மன்னிச்சுக்கங்க, இடமில்லை" என்றாள். அவள் மேல் தப்பில்லை, என்னை அவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வாடிக்கைக்காரர்கள் சாப்பிடும்போது மடியில் விரிக்கிற துணிகளை வைக்கிற மர அடுக்கு இருந்தது, பழைய கடைகளில் இருப்பது போல, ஆளுக்கொரு சின்ன அறை, ஒவ்வொன்றின் மேலும் பெயர். ழோசியான் இருந்தாள். லுதோ இருந்தான். அவன் மனைவியும் இருந்தாள். பக்கத்தில் ஒரேலி என்று எழுதியிருந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்தது கடைத்துணி அல்ல. மூலையில் நீல நூலால் உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, நீ நூமியா கிளம்பின அன்று உன் பெட்டியில் என் கையால் வைத்தேனே, அந்தத் துணி; ஊருக்கு வந்தபோது நீயே கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறாய். நூமியாவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது என் மகள் மடியில் அது விரிந்திருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள், கறை ஒன்றும் இல்லை, நாதாலிக்குத் துவைக்கத் தெரிகிறது.

சாயங்காலம் உன் சித்தியைக் கூப்பிட்டேன். பல் பிடுங்கின வாயோடு அழுதாள், "உன் மனசு நோகக்கூடாதுன்னுதாங்கா" என்றாள். அப்படியானால் மார்ச்சிலிருந்து என்னை எதற்காகத் தெருத்தெருவாக இழுத்தடித்தாய் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அலைஞ்சு அலைஞ்சு நீயே சலிச்சுப்போயி, எங்கயாச்சும் வைங்கடின்னு சொல்லிருவே, அப்ப மெதுவா அப்பா கடைன்னு சொல்லிக்கலாம்னு ஒரேலிதான் சொன்னா" என்றாள். லுதோவிக்கைக் கேட்டேன், அவன், "சாப்பாடு நல்லாருக்கும்மா, அதான் போறோம்" என்றான். இந்த ஒரு வாரத்தில் என்னிடம் யாராவது நேராகப் பேசினது அது ஒன்றுதான், அதற்காக அவனை மன்னித்துவிட்டேன். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை ஒரேலி. வெளிப்படையாகவே எழுதுகிறேன், உன் அப்பா என்னை ஏமாற்றியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அவர் வேறொருத்தியோடு போவதற்காக ஏமாற்றினார். நீங்கள் என்னை ஏமாற்றியது ஒரு வேளைச் சோற்றுக்காக, அதுவும் நீ தேர்ந்தெடு அம்மா என்று கொஞ்சிக்கொண்டே.

நீ ஒரு பெண் பிள்ளை, உன் அப்பா சமைத்ததை உன் நிச்சயதார்த்தத்தில் சாப்பிட வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்காதா. இருக்கும். அது எனக்குப் புரியாது என்று நீ எப்படி முடிவு செய்தாய். அம்மா, அப்பா கடையில் வைத்துக்கொள்ளலாமா, நீ வருவாயா என்று பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், மூன்றாம் நாள் நல்ல உடுப்பு எது என்று பீரோவைத் திறந்திருப்பேன். சத்தியமாக வந்திருப்பேன். கேட்டால் உடைந்துபோவேன் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே உடைத்துவிட்டீர்கள்.

ஆண்டவர் உன்னையும் எர்வானையும் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதத்துக்கு எந்தக் குறையும் வைக்கமாட்டேன், அதையும் கோபத்தையும் நான் கலக்கிறவள் இல்லை. எர்வானின் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல், உப்பு போட்ட வெண்ணெயை அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டாம், இங்கேயும் கிடைக்கிறது. விமானத்தில் கால் வீங்கும், இறுக்கமான காலுறை போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. பெராஷோன் அம்மாளின் மாடி அறையை ஜூலை பதினைந்து வரைக்கும் என் பெயரில் பிடித்து வைத்திருக்கிறேன். அதற்குள் நீ கூப்பிடு, இந்தத் தடவை எடுப்பேன். சித்தியைப் பேசவிடாதே, மன்னிப்பும் கேட்காதே, பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டியதை மட்டும் கேள். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வரமாட்டேன் என்று நான் சொல்லக்கூடும் என்பது தெரிந்தே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒதில்