மதகுக்குக் காவல்

31-1-86, வெள்ளி இரவு

ஏரியை மீன் வளர்க்கும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டதிலிருந்து மதகைத் திறக்கவே இல்லை. மீனுக்குத் தண்ணீர் குறையக் கூடாதாம். கதிர் வரும் நேரத்தில் எங்கள் பயிர் காய்கிறது. மீன் தீனிக்கென்று கோழிக் கழிவைக் கொட்டிக் கொட்டி ஏரித் தண்ணீரில் மாடுகூட வாய் வைப்பதில்லை. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதியது நான்தான். தெருப் பெண்களில் அஞ்சாவது வரை படித்தவள் நான் ஒருத்தி. பதிலே இல்லை.

போன அமாவாசையன்று பெரிய கோயிலில் அண்ணாமலையார் எதிரில் தெருப் பெண்கள் எல்லோரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம், எங்கள் வீட்டு ஆள் யாரும் அந்தக் கம்பெனி வேலைக்குப் போவதில்லை என்று. முதலில் அணைத்தது நான்.

இன்று என் மகன் முருகேசன் காக்கிச் சட்டையோடு வந்து நிற்கிறான்.

"என்னாடா இது?"

"வாட்ச்மேன் வேலைம்மா. மதகாண்ட நிக்கணும்."

"சூடம் அணைச்சது தெரியாதா?"

"என்னைக் கேட்டா அணைச்ச?"

மருமகள் உள்ளேயிருந்து, "சூடத்த அணைச்சா அடுப்பு எரியுமா அத்தே?" என்றாள். வாய் ஜாஸ்தி.

விளக்கு வைத்த பிறகு எதிர்வீட்டுக் கன்னியம்மா வந்தாள். "விடியக்காலம் நாமளே போய் மதகைத் தொறந்துடலாம்க்கா. தடுக்கறவன் எவனா இருந்தாலும் தொடப்பத்தாலயே சாத்தணும். நீதான் முன்னாடி வரணும்."

சரி என்றுவிட்டேன். அங்கே காவல் நிற்கப்போவது என் மகன்தான் என்பதை மறைத்துவிட்டேன்.

"நாலு மணிக்கு எழுப்பி உடும்மா" என்று சொல்லிவிட்டு அவன் தூங்குகிறான். எழுப்பாவிட்டால் அவன் வேலை போகும். எழுப்பினால் துடைப்பத்தோடு நான் போய் நிற்பது அவன் எதிரில்தான். அண்ணாமலையாரே, நாளைக்கு நானே எழுந்திருக்காமல் போனால் தேவலை.