அந்த இடத்தில் மட்டும் கை வைக்க விடாதே

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
1934, ஆகஸ்டு

அன்பு மகள் ஜூலியானாவுக்கு அம்மா அமலம்மாள் ஆசையோடு எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளை செபாஸ்டியனும் பேரனும் சம்பந்தியம்மாவும் சுகம்தானே என்று கேட்டு எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சூலியா தெருக் கடைச் சோறுதான் வேண்டும் என்கிறார், அதனால் தேறிவிட்டார் என்று அர்த்தம். அவர் படுத்திராவிட்டால் தலைப்பிள்ளைக்கு உன்னை இங்கே அழைத்து வந்திருப்பேன், என் கண் முன்னாலேயே உன் உடம்பைப் பிடித்துவிட்டிருப்பார்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருநாளுக்குப் போய் உன் பேரிலும் பிள்ளை பேரிலும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ சின்னவளாக இருந்தபோது கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து அவர் தலையெல்லாம் மெழுகைச் சிந்தினாயே, அந்த இடத்தில் நின்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ பிறந்தபோது, பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு பிடிக்கிற காமாரியா வந்து எனக்குப் பிடித்துவிட்டதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இஞ்சி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் சந்து முழுக்க அடிக்கும், கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி இடுப்பில் ஒற்றி எடுப்பாள், நான் கண்ணை மூடிக் கிடப்பேன், பக்கத்தில் நீ உன் விரலையே சப்பிக்கொண்டு கிடப்பாய். மலாய்க்காரி என்றாலும் நம் தமிழ் நன்றாகப் பேசுவாள், வலிச்சா வாயத் தொறந்து சொல்லுலா, வெக்கப்பட்டா எனக்கு எப்படித் தெரியும் என்று அதட்டிக்கொண்டே பிடிப்பாள். நான் வலிக்குது என்று சொன்னால் உடனே கையை எடுத்துவிடுவாள். அந்த நாட்களைப் போல சுகம் என் ஆயுளில் வந்ததில்லை, உனக்கும் அப்படிக் கிடைக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். நீ எழுதியிருப்பதோ வேறு கதையாக இருக்கிறது.

உனக்கு உடம்பு பிடிக்க வருகிற ஹபீபா பீவி எண்ணெய் தேய்த்துவிடும்போது உன் இடது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டு, பால் கட்டிக்கிச்சு, அமுக்கிக் கரைச்சிடலாம் என்று சொன்னாள், நீ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாய், இப்போது அந்த இடம் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருக்கிறது, தினமும் வந்து அமுக்கச் சொல்லி உன் மாமியார் சொல்லியிருக்கிறார். இப்படியா வாயை மூடிக்கொண்டு கிடப்பாய். அது பாலா, நீ கன்னிப்பெண்ணாக இருக்கும்போதே இருந்த உருண்டையல்லவா, தொட்டால் விரலுக்குள் வழுக்கி ஓடுமே. அப்போது இங்கே டாக்டரம்மா பார்த்து, இது கெடுதல் கட்டியில்லை, பயப்படாதே, அமுக்காதே, பெருத்தால் மட்டும் வந்து காட்டு என்று சொன்னது மறந்துபோனதா. ஹபீபா பீவி பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை, பிள்ளை பெற்றவள் மார்பில் கட்டி என்றால் யாரும் பால் என்றுதான் நினைப்பார்கள், அவளிடம் யாராவது சொன்னால்தானே தெரியும்.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அதே டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் சொன்னதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். பால் கட்டினால் பிள்ளை குடிக்கக் குடிக்க இளகிவிடும், இந்தக் கட்டி அப்படி இளகாது, எவ்வளவு அமுக்கினாலும் கரையாது, ரத்தம் கட்டி வலிதான் மிஞ்சும். முதுகையும் காலையும் தோளையும் இதமாகப் பிடித்துவிடலாம், அதில் ஒரு கெடுதலும் இல்லை, மார்பில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது, மார்பு நசுங்கும்படி குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துவதும் வேண்டாம். ஆரம்பிக்கும் முன்பே பிடிக்கிறவளிடம் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தாதே. அந்த இடம் சிவந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கட்டி பெரிதானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன்றும் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு லேடி டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு, அமுக்கினதற்குப் பிறகு பார்த்துவிடுவது நல்லது என்றார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கட்டி இருந்ததைச் சொன்னால், வியாதிக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் சொல்வார், அதனால் எனக்குக் காய்ச்சல் என்று சாக்குச் சொல்லி ஹபீபா பீவியை நிறுத்தச் சொல்லி அம்மா ஒரு கடிதம் போடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மாட்டேன். காய்ச்சல் சாக்கு எத்தனை நாளைக்கு ஓடும், அடுத்த பிள்ளைக்கும் இதே கதைதானே நடக்கும். உன் மாமியார் கோபக்காரிதான், ஆனால் பிள்ளை பிறந்த அன்று உனக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினது அவர்தான் என்று நீயே எழுதியிருந்தாய், அப்படிப்பட்டவரிடம் சொல்ல என்ன பயம். திட்டினால் திட்டட்டும், மானம் போனால் எங்கள் மானம் போகட்டும், அதற்காக உன் உடம்பு அடி வாங்கவேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், முதலில் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தார், பிறகு நீ போய்ட்டு வா, நான் கடைச் சோறு சாப்ட்டுக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை படகேறி அக்கரைக்குப் போய், பிராயில் சிங்கப்பூர் ரயில் பிடிக்கிறேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஹபீபா பீவியை முதுகோடு நிறுத்தச் சொல், மறக்காதே. நான் வாசலுக்கு வருவதற்குள் நீயே மாமியாரிடம் சொல்லியிருந்தால் பேரனை முதலில் தூக்குவேன். சொல்லாமல் இருந்தாயானால் கையிலிருக்கும் கூடையை இறக்கி வைக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகுதான் என் பேரன் முகத்தைப் பார்ப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
பா. அமலம்மாள்