எழுதிக் காட்டிய கிண்டல்

என் மகாராணிக்கு,

போனை ஏன் அப்பா எடுப்பதில்லை என்று மகனிடம் கத்தினாயாம். கத்து, உனக்குத் தொண்டை கணீரென்று இருக்கிறது.

முப்பது வருஷம் கறிக்கடையில் தசை வெட்டியவன் நான். மெல்லிய நார்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, சவ்வு போர்த்தி, எலும்பில் ஒட்டியிருக்கும். மனுஷ உடம்பிலும் அதேதான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். நரம்பு கட்டளை போட்டால் நார் சுருங்கி இழுக்குமாம்.

"உங்களுக்கு நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரலண்ணே. அதான் மெலிஞ்சுக்கிட்டே வருது" என்றார் டாக்டரம்மா.

"பொண்டாட்டி சொல்றதே எனக்குள்ள போய்ச் சேராது, தசைய மட்டும் குத்தம் சொல்லலாமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?" என்றார். மூன்று தடவை சொன்னேன். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார். எழுதிக் காட்டிய பிறகுதான் சிரித்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாக்கும் தசைதானடி. எனக்கு அதில்தான் ஆரம்பித்திருக்கிறது. குணமாக்க மருந்து இல்லையாம்.

அந்த வெளிநாட்டு வேலையில் வருஷக் கடைசியில்தான் லீவு என்றாய். அதற்குள் பேச்சு முழுசாகப் போய்விடுமாம். உன்னை எதிரே உட்காரவைத்து ஒரு தடவையாவது வாயாரக் கிண்டல் செய்ய வேண்டும். இந்த மாதமே வந்துவிடு. பாதி புரியாவிட்டாலும் சிரித்துவை.

உன் வாயாடி