ராஜநடை

தம்பிக்கு,

ஜோடி சேர்க்கிறேன் என்று இனி யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. உன் ஆண்நாய்க்குக் கருத்தடை செய்தாயிற்று.

இடுப்பை ஆட்டி ஆட்டி அது நடப்பதை ‘ராஜநடை’ என்று சொல்லிச் சொல்லியே குட்டிகளை விற்றாய். இணை சேர்க்கும் முன் இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்றாய்.

நம்மிடம் குட்டி வாங்கிய தையல்காரம்மா போன வாரம் வந்தாள். குட்டியால் வாசல்படி ஏற முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, “அப்படியே அப்பன் நடை, பாத்தீங்களா?” என்றாள்.



மறுநாளே உன் நாய்க்கு எக்ஸ்ரே எடுத்தேன். அப்பனுக்கும் இடுப்பு மூட்டு நழுவித்தான் கிடக்கிறது. அது நடையில்லை, வலி என்று அவளிடம் நீயே வந்து சொல்.

இப்படிக்கு,
வேற வேலையே இல்லாத அக்கா