நான் போட்ட கையெழுத்து

அரியலூர்
21.1.2025

அன்புள்ள ராஜவேலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கனடாக் குளிரில் உன் உடம்பும் நன்றாக இருக்க திருமழபாடி ஈசன் துணை. எட்டு வருஷம் உழைத்து எழுதிய பகா எண் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை நீயே கண்டுபிடித்து, நீயே உலகத்துக்குச் சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டாய் என்றும், அதனால் வரவிருந்த பேராசிரியர் வேலை போய்விட்டது என்றும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் போன் செய்ய உனக்கு மனம் வராதது நியாயம். போன மாதம் நீ, "யாருக்குமே தெரியாத தப்பு தப்புதானாப்பா?" என்று கேட்டாய். கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியும் தத்துவ வகுப்புக்குப் போகிறவன், ஏதோ பாடத்துக்காகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். பிறகு ஓட்டை இருப்பதை நீயே சொன்னதும், "எவனுக்கும் தெரியலன்னா பேசாம இருந்துடு, வேலை போயிடும்" என்றேன். நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறைத்தேதான் உன்னை வளர்த்தேன்.

நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிளார்க்காக இருந்தபோது மண் சரிந்து அய்யாக்கண்ணு என்பவர் செத்துப்போனார், நீ அப்போது எட்டாவது படித்தாய். அன்று காலையிலேயே அவர் விரிசலைக் காட்டி, "சார், இன்னைக்கு உள்ள எறங்க வேணாம்னு எழுதுங்க" என்று என்னிடம் கேட்டார். நான் மேனேஜரிடம் சொன்னேன், மேனேஜர் கேட்காமல் ஆட்களை இறக்கிவிட்டார். சாயங்காலம், அய்யாக்கண்ணு குடித்துவிட்டுத் தடுத்தும் கேளாமல் இறங்கினார் என்று எழுதிய தாளில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அவர் குடிக்கிறவரே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்கு வேலை நிலைத்தது, நீ படித்தாய்.

நீ செய்ததைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஆண்டிமடம் போய் அவர் மனைவி காத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "குடிகாரன் மவன்னு சொல்லிச் சொல்லியே எம்புள்ள ஊர வுட்டுப் போயிட்டான்யா, எங்க இருக்கான்னே தெரியல. நீங்க கெளம்புங்க" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்காமலே வந்துவிட்டேன்.

நடந்ததை வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என்ன ஆகும் என்று தெரியாது. உறவில் உன்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள், காதில் வாங்காதே. வேளைக்குச் சாப்பிடு, கணக்கை விட்டுவிடாதே. தத்துவம் படித்தவன் என்று எனக்கு ஆறுதலாக எதையும் எழுதிவிடாதே. அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது, தபாலில் சேர்க்குமுன் அவளுக்குப் படித்துக்காட்டப் போகிறேன்.

நீண்ட ஆயுளோடு இரு.

உன் அப்பா,
பழனிவேல்