முதல் தேர்வு யாருடையது?

தாரணி,

என்னை ஏற்ற வந்த தொழிற்சாலை வேன் வாசலில் ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்புகிறது. சோறும் நெத்திலி சம்பலும் மேசையில் இருக்கின்றன.

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. நீ ஊடகப் படிப்பை முதல் தேர்வாக வைப்பதும், நீ தூங்கியதும் அப்பா வணிகவியலை மேலே ஏற்றுவதுமாக மூன்று நாள் போய்விட்டது. கடவுச்சொல்லை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்த என்னைத்தான் சொல்லவேண்டும்! அதை மாற்றி, புதியதை உன் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். நீயே முடிவெடுத்து அனுப்பித் தொலை.

அம்மா

பி.கு.: அப்பாவிடம் சண்டை போடாதே. மீடியா மேல் அப்படி என்ன கோபம் என்று நேற்று கேட்டேன். கடைசியில் வாய் திறந்தார்: "பிஸ்னஸ்னா பக்கத்துலயே படிப்பா. மீடியான்னு கோலாலம்பூர் போயிட்டா, நம்ம சேலைக் கடை ஃபேஸ்புக் லைவ்ல அவள மாதிரி யாரு பேசி விக்கிறது லா?"